வெயிலுக்கு நான்கு முத்திரை

குஞ்சுக்காரர் வீட்டு மாடியில் வெயிலுக்கு என்றைக்குமே குறைச்சல் இருந்ததில்லை. காலை ஏழரைக்கு வந்து உட்கார்ந்தால் சாயந்திரம் ஆறு வரைக்கும் எழுந்திருக்காது. குறைச்சல் எல்லாம் மின்சாரத்துக்குத்தான். தினமும் மத்தியானம் சரியாக ஒரு மணிக்குப் போகும், நாலு மணிக்கு வரும். அந்த நேரம் தவறாமையை மட்டும் யாரும் குறை சொல்லிவிட முடியாது.

குஞ்சுக்காரர் என்பது தொழிலால் வந்த பெயர். வீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள். ஒன்றில் மனைவி துணி தைத்தாள். இன்னொன்றில் இவர் கோழி முட்டைகளைப் பொரிக்க வைத்தார். பீரோ உயரத்துக்கு ஒரு பொரிப்புப் பெட்டி, அதற்குள் அறுநூறு முட்டை, இருபத்தொரு நாள் கணக்கு. முதல் பத்து நாள் முட்டைக்கு நாம் சூடு கொடுக்க வேண்டும். கடைசி வாரத்தில் விஷயம் தலைகீழாகிவிடும். உள்ளே வளர்ந்த குஞ்சே சூடு விட ஆரம்பிக்கும். பெட்டியில் இருக்கும் விசிறி அந்தச் சூட்டை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். மத்தியான வெயிலில் அந்த விசிறி மூன்று மணி நேரத்தைத் தாண்டி நின்றால் அறுநூறும் ஓட்டுக்குள்ளேயே வெந்துபோகும்.

எந்த நேரத்தில் வெயில் உச்சிக்கு வருகிறதோ அந்த நேரத்தில்தான் மின்சாரம் போகிறது. அப்படியானால் அந்த வெயிலையே பிடித்து விசிறியைச் சுற்றவைத்தால் என்ன? இந்த யோசனை வந்த அன்று குஞ்சுக்காரருக்குத் தன்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சாப்பிடும்போது மனைவியிடம் இரண்டு தடவை சொன்னார். முதல் தடவையே புரிந்துவிட்டதாக அவள் சொன்னாள்.

மாடியில் எட்டு சோலார் பேனல்கள் ஏறின. கீழே ஒரு பேட்டரி வந்து உட்கார்ந்தது. பேனல் மாட்டியவர் சுவிட்சைப் போட்டார். விசிறி சுற்றியது. மொத்தம் பதினொரு நிமிடம் சுற்றியிருக்கும். பன்னிரண்டாவது நிமிடம் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது.

ஜீப்பிலிருந்து சூரிய மின் வாரியத்தின் ஆய்வாளர் இறங்கினார். அவர் பின்னால் இரண்டு பேர், மடித்த கறுப்புத் தார்பாய் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"யாரைக் கேட்டு இதை வெயில்ல வச்சீங்க?" என்றார் ஆய்வாளர்.

"சோலார் பேனல் சார். வெயில்லதானே வைக்கணும்?"

"வைக்கலாம். வேண்டாம்னு சொல்லல. அனுமதி வந்தப்பறம் வைக்கலாம். அதுவரைக்கும் இது மேல வெயில் படக் கூடாது. பட்டா அது கணக்குல வராத மின்சாரம்."

"அனுமதி எப்ப சார் வரும்?"

"ஆய்வு முடிஞ்சதும்."

அந்த இரண்டு பேரும் தார்பாயை விரித்து எட்டுப் பேனலையும் போர்த்தினார்கள். பிள்ளைக்குப் போர்த்துவதுபோல ஓரங்களை நன்றாக உள்ளே செருகினார்கள். நான்கு மூலையிலும் கயிறு கட்டி, ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு ஈய முத்திரை அடித்தார்கள். ஆய்வாளர் ஒவ்வொரு முத்திரையையும் கட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு தாளில் 'முத்திரை: நான்கு. நிலை: நன்று' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். முத்திரை உடைந்தால் அனுமதி என்ற பேச்சுக்கே இடமில்லை என்றும் சொன்னார். போகும்போது, வெயில் ரொம்பக் கடுமையாக இருக்கிறது என்று சொல்லி ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

மறுநாள் குஞ்சுக்காரர் வாரியத்துக்குப் போனார். மூன்று மாடிக் கட்டிடம். கண் கூசுகிறது என்று ஜன்னல் எல்லாவற்றிலும் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். அதனால் பகல் பதினொரு மணிக்கு எல்லா அறையிலும் டியூப் லைட் எரிந்தது. விண்ணப்பப் பிரிவில் இருந்த அம்மா நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "புதன்கிழமை ஆறு நாப்பதுக்கு ஆய்வு" என்றார்.

"காலையிலயா மேடம்?"

"சாயந்திரம்."

"ஆறு நாப்பதுக்கு இருட்டிடுமே."

"இருட்டினாத்தான் வருவாங்க. பாதுகாப்பு விதி. பகல்ல பேனல்ல கரண்ட் இருக்கும். நம்ம ஆளு தொட்டு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? அதனால சூரியன் மறைஞ்சப்பறம்தான் ஆய்வு."

"ஆய்வுல என்ன மேடம் பாப்பாங்க?"

"கரண்ட் வருதான்னு பாப்பாங்க," என்றார் அந்த அம்மா.

குஞ்சுக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். அதில் கிண்டல் எதுவும் இல்லை. தான் ஏதோ தப்பாகக் கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னதும் அவள் தையல் மெஷினை நிறுத்தினாள்.

"மறுபடி சொல்லுங்க?"

மறுபடி சொன்னார்.

"அதை நீங்க அவங்ககிட்டக் கேக்கலையா?"

"கேட்டா கோவிச்சுக்குவாங்களோன்னு..." என்று இழுத்தார். மனைவி மெஷினை மறுபடி மிதித்தாள். அது வழக்கத்தைவிட வேகமாக ஓடியது.

புதன்கிழமை ஆறு நாற்பதுக்கு ஆய்வாளர் வந்தார். கையில் ஒரு டார்ச் லைட், ஒரு மீட்டர், கக்கத்தில் ஒரு ஃபைல். முதலில் நான்கு முத்திரையையும் எண்ணினார். தார்பாயின் ஓரத்தை ஒரு சாண் தூக்கி, மீட்டரை இணைத்தார். முள் அசையவில்லை. குஞ்சுக்காரர் வானத்தைப் பார்த்தார். அங்கே ஒரு நட்சத்திரம் வந்திருந்தது. ஆய்வாளருக்கும் மனசாட்சி என்று ஒன்று இருந்தது போலும். டார்ச்சைப் பேனலின் மேல் ஒரு நிமிடம் அடித்துப் பார்த்தார். அப்போதும் முள் அசையவில்லை.

"வரலையே," என்றார் வருத்தமாக.

"சார், சூரியன் இல்லையே சார்."

"அது எனக்குத் தெரியாதா? ஃபாரத்துல 'காரணம்'னு ஒரு இடம் இல்ல. 'வருகிறது', 'வரவில்லை' ரெண்டுதான். எதை நான் டிக் பண்ண?"

பத்து நாளில் கடிதம் வந்தது. தங்கள் பேனல்கள் மின்சாரம் தயாரிக்கும் நிலையில் இல்லை. குறையை நீக்கி மறு ஆய்வுக்கு விண்ணப்பிக்கவும். அதுவரை முத்திரைகளைப் பாதுகாப்பது தங்கள் பொறுப்பு. குஞ்சுக்காரர் மறு ஆய்வுக்கு விண்ணப்பித்தார். மறு ஆய்வு மாலை ஆறு ஐம்பதுக்கு நடந்தது. பகல் நீண்டுவிட்டதால் பத்து நிமிடம் தள்ளிப் போட்டதாக ஆய்வாளர் விளக்கினார். முடிவைச் சொல்லத் தேவையில்லை.

இதற்கிடையில் அந்த முறை வைத்த முட்டைகள் பதினாறாம் நாளுக்கு வந்திருந்தன. ஒரு மணிக்கு மின்சாரம் போனது; அன்று பார்த்து ஐந்தரைக்குத்தான் வந்தது. சாயந்திரம் குஞ்சுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு, பல்பு வைத்த மரப்பெட்டியின் ஓட்டையில் ஒவ்வொரு முட்டையாக வைத்துப் பார்த்தார். உயிர் இருந்தால் உள்ளே ஏதாவது துடிக்கும், நகரும். முதல் நாற்பதில் ஒன்றும் நகரவில்லை. அறுநூறையும் பார்த்தார். பார்க்காமலே தெரிந்த விஷயம்தான், ஆனாலும் பார்த்தார். பின்பக்கம் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து, அன்றைக்குச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

குஞ்சுகளை மொத்தமாக எடுத்துக்கொள்பவர் பண்ணைக்காரம்மா. பதினாலு வருடப் பழக்கம். வெறும் கூடைகளோடு வண்டி திரும்பிப் போக வேண்டியதானதும் அவரே நேரில் வந்தார்.

"அண்ணே, உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா கொட்டகை காலியா கிடக்கு. அடுத்த தடவையும் இப்படின்னா நான் வேற இடம் பாத்துக்கறேன். தப்பா நினைக்காதீங்க."

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? அவர் ஒருவர் போனால் இந்தப் பெட்டிக்கு வேலை இல்லை. பெட்டிக்கு வேலை இல்லை என்றால் குஞ்சுக்காரருக்கும் இல்லை. வேறு எந்த வேலையும் அவருக்குத் தெரியாது. அடுத்த அறுநூறு முட்டையை அடுக்கும்போது ஒவ்வொரு தட்டையும் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார்.

அந்த முட்டைகளுக்குப் பன்னிரண்டாம் நாள் நடக்கும்போது வாரியத்திலிருந்து அழைப்பிதழ் வந்தது. தடித்த அட்டை, பொன் எழுத்து. 'சூரிய மின் உற்பத்தி: இன்றைய நிலையும் எதிர்கால வாய்ப்புகளும்' என்று ஒரு நாள் கருத்தரங்கு. குஞ்சுக்காரரைப் 'பயனாளி' என்று போட்டு மேடைக்கு அழைத்திருந்தார்கள்.

"என்ன பயன்னு கேட்டா என்ன சொல்வீங்க?" என்றாள் மனைவி.

"இயக்குநர் வர்றாராம். நேர்ல பாத்துச் சொல்லிட்டா துணியை எடுத்துடுவாங்க," என்றார் குஞ்சுக்காரர். அவருக்கு உண்மையிலேயே அந்த நம்பிக்கை இருந்தது. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனார்.

மண்டபத்தில் திரையில் காட்டும் படங்கள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று எல்லா ஜன்னலுக்கும் கனத்த திரை போட்டிருந்தார்கள். இருட்டில் தட்டுத் தடுமாறித்தான் இடம் பிடிக்க வேண்டியிருந்தது. ஏசி ஓடியது. பின்பக்கம் டீசல் ஜெனரேட்டர் உறுமியது. வந்தவர்களுக்கெல்லாம் எண்பத்து நாலு பக்கத்தில் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்று கொடுத்தார்கள். அட்டையில் ஒரு சூரியன் சிரித்தது.

இயக்குநர் பேச எழுந்தார். பரந்த முகம், கரகரத்த குரல், அவசரமே இல்லாத பேச்சு.

"நண்பர்களே, இன்றைய நிலை என்ன என்று பலர் கேட்கிறார்கள். பெருமையோடு சொல்கிறேன். இந்த வட்டாரத்தில் நூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் பேனல்கள் நிறுவப்பட்டுள்ளன. நூற்றுப் பன்னிரண்டிலும் இன்றுவரை ஒரு விபத்துகூட இல்லை. ஒருவருக்குக்கூட ஷாக் அடித்ததில்லை. எப்படிச் சாதித்தோம்? ஒரு துளி மின்சாரம்கூட வெளியே வராமல் பார்த்துக்கொண்டோம்."

கைதட்டல் எழுந்தது. இயக்குநர் கையை உயர்த்தி அடக்கினார்.

"சிலர் அவசரப்படுகிறார்கள். உடனே அனுமதி கொடு என்கிறார்கள். விஞ்ஞானிகளைக் கேட்டேன். சூரியன் இன்னும் ஐந்நூறு கோடி வருடம் எரியுமாம். ஐந்நூறு கோடி! அவரே நிதானமாக இருக்கும்போது நமக்கு என்ன அவசரம்? எதிர்கால வாய்ப்புகள் என்று நாம் சொல்வது அதனால்தான். வாய்ப்பு எதிர்காலத்தில் இருக்கும்வரைக்கும் அது பத்திரமாக இருக்கிறது. நிகழ்காலத்துக்கு அதைக் கொண்டுவந்தால் உடனே ரிப்பேர் வரும், புகார் வரும், பதில் சொல்ல வேண்டி வரும். அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தில் தார்பாயின் தரத்தை உயர்த்தப் போகிறோம்."

அடுத்ததாகப் பயனாளி பேசுவார் என்று அறிவித்தார்கள். குஞ்சுக்காரர் மைக்கைப் பிடித்தார். மூன்று நாளாக மனப்பாடம் செய்திருந்த அத்தனையும் மறந்துபோயிற்று. கடைசியில் ஒரே ஒரு வாக்கியம்தான் வெளியே வந்தது.

"ஐயா, அந்தத் துணியை மட்டும் எடுத்துடுங்க ஐயா."

"எடுத்தால் போச்சு," என்று இயக்குநர் மலர்ந்த முகத்தோடு எழுந்தார். மேடை ஓரத்தில் பட்டுத் துணி மூடிய கல்வெட்டு ஒன்று இருந்தது. அதன் துணியை இழுத்தார். வாரியத்தின் புதிய தார்பாய்க் கிடங்கு திறந்துவைக்கப்பட்டது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். புகைப்படத்தில் குஞ்சுக்காரர் வாயைத் திறந்தபடி விழுந்திருக்கிறார்.

அப்போதுதான் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

"என்னங்க, பன்னெண்டு மணிக்கே கரண்ட் போயிடுச்சு," என்றாள் மனைவி. "ஏதோ மண்டபத்துல விழாவாம். அங்க ஜெனரேட்டர் பத்தலையாம், ஏசி ஓடணும்னு நம்ம லைனை நிறுத்தியிருக்காங்களாம். முப்பத்தேழரை டிகிரியில இருக்க வேண்டிய பெட்டி முப்பத்தொம்பதைத் தொட்டுடுச்சு. நீங்க வாங்க."

குஞ்சுக்காரர் ஓடினார். மேடையில் இருந்து குதித்தார் என்றுகூடச் சொல்லலாம். கையில் இருந்த புத்தகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதோடேயே ஓடினார்.

வீட்டில் மனைவி பெட்டியின் இரண்டு கதவையும் திறந்துவைத்து, தட்டுகளை இழுத்துவிட்டு, ஒரு முறத்தால் வீசிக்கொண்டிருந்தாள். அவள் புடவை முதுகோடு ஒட்டியிருந்தது. குஞ்சுக்காரர் கையில் இருந்த புத்தகத்தைப் பிரித்து மறுபக்கத்தில் நின்று வீச ஆரம்பித்தார். கெட்டி அட்டை, வழவழப்பான தாள், எண்பத்து நாலு பக்கம். நல்ல காற்று வந்தது. வாரியத்தால் அந்த வீட்டுக்குக் கிடைத்த முதல் பயன் அதுதான். நாலே கால் வரைக்கும் வீசினார்கள். ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூட நிறுத்தவில்லை. தலைக்கு மேலே மாடியில் எட்டுப் பேனல்களும் போர்த்திக்கொண்டு தூங்கின.

விசிறி மறுபடி சுற்றிய பிறகு மனைவி தரையில் உட்கார்ந்தாள். வலது கையைத் தூக்க முடியவில்லை. தையல்காரிக்கு வலது கைதான் எல்லாம். குஞ்சுக்காரர் மரப்பெட்டியை எடுத்து ஒரு முட்டையை வைத்துப் பார்த்தார். உள்ளே ஏதோ நகர்ந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னிக்குச் சரி. இன்னும் ஆறு நாள் இருக்கே," என்றார். "நான் மறுபடி போய் ஒரு மனு எழுதிக் கொடுக்கறேன். இந்தத் தடவை தெளிவா—"

"நீங்க எங்கயும் போக வேண்டாம்," என்றாள் மனைவி. "அந்த ஆளு வந்தா எதை எண்ணுவாரு?"

"முத்திரையை."

"எத்தனை?"

"நாலு."

"அது எங்க இருக்கு?"

"நாலு மூலையில."

அவள் எழுந்தாள். இடது கையால் தையல் பெட்டியைத் துழாவி, பெரிய கத்திரிக்கோலையும், பயணப் பைகளுக்குப் போடுகிற நீளமான ஜிப்பு மூன்றையும் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். குஞ்சுக்காரர் பின்னாலேயே போனார். "தப்பில்லையாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டார். அவள் மூலைகளைத் தொடவே இல்லை. தார்பாயின் நடுவில் நேராக வெட்டினாள். அந்த வெட்டின் இரண்டு முனையிலும் இடது பக்கமும் வலது பக்கமும் குறுக்கே வெட்டினாள். உட்கார்ந்து, வலிக்கிற கையால், நல்ல நூலில், வெட்டின ஓரம் பிரியாமல் இரட்டைத் தையல் போட்டு ஜிப்புகளைப் பொருத்தினாள். மறுநாள் காலை ஏழரைக்கு இழுத்தாள். தார்பாய் ஜன்னல் கதவுபோல இரண்டு பக்கமும் திறந்துகொண்டது. எட்டுப் பேனலும் அந்தப் பதினொரு நிமிடத்துக்குப் பிறகு இப்போதுதான் வெயிலைப் பார்த்தன.

அன்று ஒரு மணிக்கு மின்சாரம் போனது. விசிறி நிற்கவில்லை. குஞ்சுக்காரர் பெட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து மூன்று மணி நேரமும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே தாங்க முடியாத எரிச்சலும் இருந்தது. தன் வீட்டு மாடியில், தன் தலைக்கு மேலே சும்மா கொட்டுகிற வெயிலை, இத்தனை வயதுக்கு மேல் திருடிக்கொண்டிருக்கிறோமே என்று இருந்தது. சாயந்திரம் ஆறு மணிக்கு மாடிக்குப் போய் ஜிப்பை மூடிவிட்டு வந்தார். அடுத்த ஐந்து நாளும் அப்படியே.

இருபத்தோராம் நாள் ஓடுகள் விரிந்தன. ஐந்நூற்று முப்பத்தெட்டுக் குஞ்சுகள். பண்ணைக்காரம்மாவின் வண்டி இரவு ஏழரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். குஞ்சுக்காரர் கூடைகளில் நிரப்பிக்கொண்டிருந்தபோது, ஆறே முக்காலுக்கு, வாசலில் ஜீப் வந்து நின்றது.

"மூணாவது ஆய்வு," என்றார் ஆய்வாளர். "முன்கூட்டியே சொல்லணும்னு இல்ல."

மனைவியும் சேர்ந்து மூவரும் மாடிக்கு ஏறினார்கள். ஆய்வாளர் டார்ச் அடித்து மூலை மூலையாகப் போனார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஓரத்தைத் தூக்கி மீட்டரை வைத்தார். முள் அசையவில்லை. ஃபைலைத் திறந்து, 'முத்திரை: நான்கு. நிலை: நன்று. மின்சாரம்: வரவில்லை' என்று எழுதிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"கீழ என்ன சத்தம்?"

"குஞ்சு சார். பொரிச்சிருக்கு."

"போன தடவை எல்லாம் செத்துப்போச்சுன்னு சொன்னீங்களே?"

"இந்தத் தடவை சாகல சார்," என்றார் குஞ்சுக்காரர்.

ஆய்வாளர் தலையை ஆட்டினார். ஃபைலில் பின்னோக்கி நாலைந்து தாளைப் புரட்டினார். "நூத்துப் பன்னெண்டு வீட்டுல துணி கிழியாம இருக்கறது உங்க வீட்டுல மட்டும்தான். மத்த எல்லா இடத்துலயும் கிழிஞ்சு கிடக்கு."

"எப்படி சார் கிழிஞ்சுது?" என்றாள் மனைவி.

"காத்து மேடம். காத்துன்னுதான் நான் எழுதிட்டு வர்றேன். நூத்துப் பதினொரு வீட்டுலயும் நட்ட நடுவுல கிழிக்கற காத்து."

சொல்லிக்கொண்டே டார்ச்சைத் தார்பாயின் நடுவுக்குத் திருப்பினார். வெளிச்சம் இரட்டைத் தையலின் மேல் மெல்ல நகர்ந்தது. ஜிப்பின் இழுப்பானில் வந்து நின்றது. குஞ்சுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். கீழே குஞ்சுகள் விடாமல் கத்தின.

ஆய்வாளர் குனிந்து இழுப்பானைப் பிடித்து ஒரு சாண் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார், மூடினார். பிறகு டார்ச்சை அணைத்தார்.

"மேடம்," என்றார் தாழ்ந்த குரலில். "எங்க வீட்டுல அம்மா படுத்த படுக்கை. மத்தியானத்துல ஃபேன் இல்லாம ரொம்பக் கஷ்டப்படறாங்க. அந்த நூத்துப் பன்னெண்டுல சேராம என் வீட்டு மாடியிலயும் ஆறு பேனல் இருக்கு. சீல் வச்சதும் நான்தான், ரெண்டு தடவை ஃபெயில் பண்ணதும் நான்தான். இந்த மாதிரி ஒண்ணு தைச்சுத் தர முடியுமா?"

மனைவி கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கையில் எடுத்தாள்.

"நீளம் என்ன இருக்கும்?"

"பதினாலு அடி. அகலம் ஒன்பதரை." அவர் சற்று யோசித்துவிட்டு, "மூலையை மட்டும் தொட்டுடாதீங்க" என்றார்.